அந்த எண்ணிலிருந்து எழுதியவர்

தமயந்திக்கு லீனாவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒரு வரவேற்புச் செய்தி.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவருக்கு உடனே ஒரு வரவேற்புச் செய்தி போகும். ஒன்பது வருடமாகப் போய்க்கொண்டிருந்தது தமயந்தி எழுதியது. பன்னிரண்டு விதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், கடைசியில் மீறினால் கட்டுரை நீக்கப்படும் என்ற எச்சரிக்கை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசி வரை படித்தவர்கள்தான் குறைவு.

லீனா அதை மாற்றி எழுதினாள். "வாங்க. முதல்ல ஏதாவது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துங்க. விதியெல்லாம் மெதுவா பழகும். சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க." அவ்வளவுதான். வந்தவர்கள் தங்கினார்கள், எழுதினார்கள். தமயந்தியின் பன்னிரண்டு விதிகள் உதவிப் பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

இத்தனைக்கும் லீனாவுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்ததே தமயந்திதான். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வாசகசாலையின் மாடியில் சனிக்கிழமைதோறும் புதியவர்களுக்கு வகுப்பு நடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆதாரம் என்றால் என்ன என்று கேட்ட பெண் லீனா. வகுப்பில் எல்லாரும் தமயந்தியை மேடம் என்றார்கள். லீனா மட்டும் அக்கா என்றாள். அப்போது அது இனித்தது.

இந்த வருடம் புதியவர் வழிகாட்டிப் பொறுப்புக்கு யாரோ லீனாவின் பெயரை முன்மொழிந்துவிட்டார்கள். ஒன்பது வருடமாகப் போட்டியே இல்லாமல் தமயந்தி வைத்திருந்த பொறுப்பு. அலுவலகத்தில் அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. விவேக் நகர் வீட்டில் சொல்வதற்கே ஆள் இல்லை. வழிகாட்டிப் பக்கத்தின் தலைப்பில் இருந்த பெயர்தான் அவளுடைய சொத்து. வாக்கெடுப்பு சனிக்கிழமை மாலையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை நிலவரம் லீனாவுக்கு முப்பத்தொன்று, தமயந்திக்குப் பன்னிரண்டு.

வயிறு எரிந்தது. வேறு எந்த நல்ல சொல்லும் அதற்குப் பொருந்தாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வாசகசாலைச் சாவியோடு போனாள். மாடியில் யாரும் இல்லை. வகுப்பு மடிக்கணினியைத் திறந்து, தன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு வாக்கெடுப்புப் பக்கத்தில் பெயரில்லாமல் எழுதினாள்: "லீனா எழுதிய ஏரிக் கட்டுரை வேறோர் இடத்திலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டது. இப்படிப்பட்டவரா புதியவர்களுக்கு வழிகாட்டுவது?" அந்தக் கட்டுரையை வரிக்கு வரி சரிபார்த்தவள் அவளேதான். அதில் ஒரு வரிகூடத் திருட்டு இல்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

கணக்கில் நுழையாமல் எழுதினால் பெயருக்குப் பதிலாக அந்த இணைய இணைப்பின் எண் பதிவாகும். பதிவாகட்டுமே, வெறும் எண்தானே என்று நினைத்தாள். பொறாமை வந்தால் புத்தி முதலில் கிளம்பிப் போய்விடும் போலிருக்கிறது.

பதினோரு மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் லாயிட் புரொஜெக்டரைப் பொருத்திவிட்டுத் தலையைச் சொறிந்தபடி கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "மேடம், இன்னிக்கு லீனா எடுக்கட்டுமே. போன வாரம் வந்தவங்க அவளைத்தான் கேட்டாங்க. நீங்களும் ஸ்வல்ப ரெஸ்ட் எடுங்க."

"தாராளமா," என்றாள் தமயந்தி. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

லீனா நன்றாக நடத்தினாள். தப்பு கண்டுபிடிக்கக் காத்திருந்த தமயந்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தமயந்தி நாற்பது நிமிடம் எடுப்பதை அவள் கால் மணி நேரத்தில் முடித்தாள், நடுவில் இரண்டு முறை சிரிக்கவும் வைத்தாள்.

"கணக்குல நுழையாம எழுதினா என்ன ஆகும்னு பார்ப்போம்," என்று லீனா பயிற்சிப் பக்கத்தில் ஒரு வரி தட்டினாள். சுவரில் எண் வந்து நின்றது.

தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே மாடியில், இதே இணைப்பில், மாதிரிக்கு ஒரு வரியைத் தட்டிக் காட்டியது அவள்தானே. மாறாத எண். அதை அழுத்தினால் அந்த எண்ணிலிருந்து எழுதியதெல்லாம் வரிசையாக வந்துவிடும். வருடக்கணக்கான சனிக்கிழமை மாதிரிகள், அவற்றோடு காலை பத்து மணிக் குற்றச்சாட்டு. வாசகசாலைச் சாவி பத்து மணிக்கு யாரிடம் இருந்தது என்று சொல்ல ஒரு லாயிட் போதும்.

முன்வரிசையில் முகேஷ் கையைத் தூக்கினார். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவர், முதல் நாள் வகுப்பு. "சிஸ்டர், அந்த நம்பரை அமுக்குனா என்ன வரும்?"

லீனாவின் கை நின்றது. ஒரு கணம் கடைசி நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தமயந்திக்குப் புரிந்துவிட்டது. இவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

"அது வேணாம்ணா," என்றாள் லீனா. "ஒருத்தர் கணக்குல நுழையாம ஏதாவது எழுதிட்டா, நாலு பேர் முன்னாடி காட்டிக்கொடுக்கக் கூடாது. தனியாத்தான் சொல்லணும். பதினோராவது விதி. அக்கா எழுதினது."

தப்பித்தோம் என்று தமயந்தி நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. பதினோராவது விதி. ஒன்பது வருடத்தில் அவளே ஒரு தடவைகூடப் பின்பற்றாத விதி. தப்பு செய்தவர்களின் பெயரைச் சுவரில் காட்டித்தான் அவள் பாடம் நடத்துவாள். அந்த விதியைக்கூட லீனாவுக்குத்தான் கடைப்பிடிக்கத் தெரிந்திருக்கிறது. வாக்கு அவளுக்கு, வகுப்பு அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கா? அதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுந்தாள்.

நேராக முன்னால் போய், லீனாவின் கையிலிருந்து மௌஸை வாங்கி, எண்ணை அழுத்தினாள்.

மாதிரி, மாதிரி, மாதிரி என்று சுவர் முழுக்க ஓடிய வரிகளுக்கு இடையில் குற்றச்சாட்டு கிடந்தது. முகேஷ் அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "யாரு சிஸ்டர் இது?"

"நான்தான்," என்றாள் தமயந்தி.

அவள் வாக்கெடுப்புப் பக்கத்தைத் திறந்து, குற்றச்சாட்டுக்கு அடியில் தட்டினாள்: "மேலே இருப்பது பொய். கட்டுரை முழுக்க லீனாவின் சொந்த எழுத்து. பொறாமையில் நான் எழுதினேன்." பதிப்பித்துவிட்டு நிமிர்ந்தாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது. பார்த்துக்கொள்ளுங்கள், இதை லீனாவால் செய்ய முடியுமா என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

"அக்கா," என்றாள் லீனா தணிந்த குரலில்.

"என்ன?"

"நீங்க இன்னும் லாகின் ஆகலை."

சுவரைப் பார்த்தாள். 'நான் எழுதினேன்' என்பதற்குப் பக்கத்தில் அதே எண் நின்றது. அந்த நானுக்குப் பெயர் இல்லை.

பதினான்கு பேரும் பார்த்திருக்க, கடவுச்சொல்லைத் தட்டினாள். தப்பு. மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவை கணக்கு திறந்தது. எழுதியதை மறுபடி எழுதி, கீழே கையொப்பக் குறியைப் போட்டாள். தமயந்தி என்று பெயர் விழுந்தது. அதற்கும் கீழே லீனாவுக்கு ஒரு வாக்கு போட்டாள். முப்பத்திரண்டு. போட்ட விரல் கசந்தது.

திரும்பி நடந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். லீனா தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சிறிது நேரத்தில் முகேஷ் மறுபடி கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு டவுட்."

ஒன்பது வருடப் பழக்கம், தமயந்தி பாதி எழுந்துவிட்டாள். முகேஷ் பார்த்துக்கொண்டிருந்தது லீனாவை.

உட்கார்ந்தாள். லீனா பதில் சொன்னாள். தப்பு இருக்கிறதா என்று தமயந்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இல்லை. எரிந்தது. ஆனால் பதில் சரியாகத்தான் இருந்தது.