தாஜேயு காட்டு இறைச்சி தின்பதில்லை

இறந்து ஒன்பது வருடமான தாஜேயு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, ஆற்றின் வடகரையில் காட்டெருமைக் கன்று ஒன்றைத் தின்றுகொண்டிருந்ததாக ரேடியோவில் பதிவானது. பதிவு செய்தவன் அவனுடைய சொந்தத் தம்பி மெபுக்கோரி. எதிர்முனையில் இருந்த சரணாலய அலுவலகத்துக்காரர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். மெபுக்கோரி சொன்னான். அன்றைய வானிலையையும் சேர்த்துச் சொன்னான்.

மெபுக்கோரிக்குச் சிங்கம் பார்க்கும் வேலை. விடிந்ததும் தடம் பிடித்து நடந்து, எந்தச் சிங்கம் எங்கே படுத்திருக்கிறது, என்ன தின்றது, எந்த மாட்டுப்பட்டிப் பக்கம் நகர்கிறது என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். சுற்றுலா ஜீப்புகள் அந்தப் பக்கம் பாயும். மேய்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் போவார்கள். புதிய சிங்கத்தை முதலில் பார்த்து, அதன் மீசைப் புள்ளிகளைப் படிவத்தில் வரைந்தவனுக்கே பெயர் வைக்கும் உரிமை. கழுதைப்புலிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. இருந்திருந்தால் சமவெளியிலுள்ள மாமியார்கள் பெயரெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

மெபுக்கோரியின் இனமான, மாடு மேய்க்கும் மாசாய்கள் செத்தவர் பெயரை உச்சரிப்பதில்லை. பெயரும் ஆளோடு போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அரைகுறையாகத்தான் போவான். தாஜேயு வெள்ளத்தில் போன நாளிலிருந்து, மனிதரும் மாடும் ஒரே முள்வேலிக்குள் வாழும் பட்டியில் அவனை ‘அவர்’ என்றார்கள், ‘மூத்தவன்’ என்றார்கள், பல சமயம் தொண்டையை மட்டும் செருமினார்கள். மெபுக்கோரிக்கு இது தெரியாமலில்லை. ஆனால் ஒன்பது வருடமாக அந்தப் பெயர் அவன் வாயிலேயே, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தது. சகோதரர்களாகத் திரியும் இரண்டு இளம் ஆண் சிங்கங்கள் எல்லை தாண்டி வந்தன. ரேடியோவில் பெயர் கேட்டார்கள். சிங்கத்துக்குத்தானே, பட்டிக்கு வெளியேதானே என்று நினைத்தான். இரண்டில் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சொல்லிவிட்டான். சொன்னதும் அவனுக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது. இன்னொரு சிங்கத்துக்கு ‘எட்டு’ என்று எண் மட்டும் கொடுத்தான்.

பெயர் மூன்றே எழுத்து, வாய்க்கு வாகாக இருந்தது. ஓட்டுநர்கள் சொன்னார்கள், ஜீப்பில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் சொன்னார்கள், விடுதியில் அந்தப் பெயரில் ஓர் எலுமிச்சைப் பானம் வந்தது. ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது கூப்பிடப்பட்டால் யார்தான் வராமல் இருப்பார்கள்? மூன்றாவது வாரம் சிங்கம் இடது பின்னங்காலை இழுத்து நடந்தது. தாஜேயுவும் அப்படித்தான் நடப்பான். சின்ன வயதில் மாடு மிதித்த கால். ஐந்தாவது வாரம் காட்டெருமை, வரிக்குதிரை, மான் எதையும் தொடவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மானத்தோடு வளர்ந்த மாசாய் எவனும் காட்டு இறைச்சி தின்னமாட்டான்; மாட்டு இறைச்சியும் பாலும்தான் சாப்பாடு. ‘எட்டு’ கொன்று போட்ட வரிக்குதிரையின் பக்கத்தில் அது, கல்யாண வீட்டில் வேறு சாதிப் பந்தியில் மாட்டிக்கொண்டவரைப் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கிப்ரோனோ என்ற ஓட்டுநர்தான் முதலில் கேட்டான்: “என்னப்பா உன் சிங்கம் விரதமா? என் ஜீப்புல ஒரு அம்மா காலையிலேர்ந்து கேமராவைத் தூக்கிப் பிடிச்சே கை மரத்துப் போச்சு.”

ஏழாவது வாரம், வெயில் தாழ்ந்து மாடுகள் திரும்பும் நேரத்தில், சிங்கமும் அவற்றின் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. மாடுகள் மிரளவில்லை. பின்தங்கிய கன்று ஒன்றை மூக்கால் நெட்டித் தள்ளியது. ஈட்டியோடு ஓடிவந்த ஆண்கள் அதன் நடையைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். முள்வேலிக்கு வெளியே அது படுத்துக்கொண்டது. தாஜேயுவின் மனைவி நூன்கிபா சட்டியில் பால் கொண்டுபோய் வைத்தாள். குடித்தது. இருநூறு கிலோ உடம்புக்குச் சட்டிப் பால் எந்த மூலைக்கு? வயிற்றுப்போக்குதான் கண்டது.

பட்டி மாடுகளை அது தானாக அடித்துத் தின்னாது. அவை அதன் சொந்த மாடுகள். மெபுக்கோரி ஒரு காளையை அறுத்து, தொடையைக் கொண்டுபோய்ப் போட்டான். அன்றுதான் அது வயிறாரச் சாப்பிட்டது. அதை யாரோ தொலைவிலிருந்து படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேட்டைமிருகங்களுக்குத் தீனி போடுவது குற்றம். கைத்தீனிக்குப் பழகிய சிங்கத்தைச் சுட்டுவிடுவது விதி. இந்த விதியைப் பட்டி பட்டியாகப் போய் விளக்கியவனே மெபுக்கோரிதான். ஒரு தடவைக்கு எச்சரிக்கை, மறு தடவைக்குத் துப்பாக்கி என்று எழுதிக் கொடுத்தார்கள். கீழே அவனே கையெழுத்துப் போட்டான்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். அலுவலகத்துக்காரர் நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். பெயரை அடிக்கப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அது இறப்புக்கு. பிறகு ஓட்டுநர்களிடம் போனான். பாவம், கிப்ரோனோ எல்லோரையும் கூட்டிவைத்துச் சத்தியம் வாங்கினான். அவர்கள் உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஜீப்பில் வந்தவர்கள் பெயரைப் படித்துவிட்டுத்தான் விமானமே ஏறியிருந்தார்கள். ஓட்டுநர் சொல்லாததால் அவர்களே எழுந்து நின்று உரக்கக் கூப்பிட்டார்கள். சிங்கம் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. ‘எட்டு’ இரண்டு மாதம் அக்கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூப்பிடுவதை நிறுத்தியது.

ஒரு சாயங்காலம் நூன்கிபா பால் சட்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள். ஒன்பது வருடத்தில் அவனிடம் அவள் இதைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

“தம்பி, உங்க அண்ணன் போனப்போ கழுத்து மணியெல்லாம் கழட்டி வெச்சேன். ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டுக்கிட்டேன். அழுது முடிச்சிட்டேன்யா நான்.”

“தப்புதான் அண்ணி.”

“நீ பேரைச் சொல்லணும்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. காதைப் பொத்திக்கிட்டாவது கேட்டிருப்பேன். இப்படிப் பசியோடவா ஒரு மனுஷனைக் கூப்பிட்டு வெளியில உட்கார வைக்கிறது?”

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வெள்ளத்துலகூட ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது” என்றாள்.

மழைக்கு முந்தைய வாரம், நல்ல உச்சிவெயிலில், சிங்கம் வேலியோரம் செத்துக் கிடந்தது. கூடவே இருந்தது மெபுக்கோரி மட்டும். ரேடியோவை எடுத்தான். இறப்பைப் பதிய வேண்டுமானால் பெயரை ஒரு முறை சொல்லியாக வேண்டும். சொன்னால் மறுபடி கூப்பிட்டதாகிவிடும். பொத்தானை அழுத்தியபடியே நின்றான். கிப்ரோனோ தன் ஜீப் ரேடியோவிலிருந்து என்னப்பா, என்னப்பா என்று கேட்டான். “ஒண்ணுமில்ல. இன்னைக்கு யாரும் கண்ணுல படல” என்றான் மெபுக்கோரி. அது அவன் வேலையில் சொன்ன முதல் பொய். அண்ணனைப் போக விடுவதற்கு அவனிடம் வேறு வழி இல்லை.

பொய் நான்கு மணி நேரம் தாங்கியது. கழுகுகள் வட்டமிட, ஜீப்புகள் வந்தன. விடுதிக்காரர்கள் மனம் உடைந்து போனார்கள்; மறுநாள் காலை அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். முப்பத்தெட்டு ஜீப்புகள் அரைவட்டமாக நின்றன. நூற்றைம்பது பேர் தொப்பியைக் கழற்றி, ஒரே குரலில், மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார்கள். மெபுக்கோரி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றான். துக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். ஓர் அம்மா கைக்குட்டை கொடுத்தாள்.

மதியத்துக்குள் ‘எட்டு’ அக்கரையில் நொண்டத் தொடங்கியது. ‘எட்டு’ ஐந்து மாதம் தாங்கியது. அதன் பிறகு ஒரு பெண் சிங்கம், அப்புறம் கிழக்கிலிருந்து வந்த ஒன்று, அதற்குப் பின் அடையாளம் வரைய ஆளில்லாத இரண்டு. அலுவலகம் சிங்கங்களிடையே ஏதோ கால் நோய் என்று அறிக்கை விட்டது. நூன்கிபா ஒவ்வொன்றுக்கும் மணிகளைக் கழற்றினாள். நான்காவதோடு திரும்பப் போடுவதை விட்டுவிட்டாள். விடுதியில் எலுமிச்சைப் பானம் இன்றும் கிடைக்கிறது.

பட்டியில் இப்போது சாயங்காலம் மாடுகள் உள்ளே போனதும் முள்கிளையை இழுத்து வாசலை அடைப்பதில்லை. கடைசியாக நொண்டிக்கொண்டு வருவது வந்து வேலியோரம் படுக்கும்வரை மெபுக்கோரி கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த இடைவெளியில் கழுதைப்புலிகள் வாரத்துக்கு ஒரு கன்றைத் தூக்கிப் போகின்றன. பட்டியில் யாரும் அதற்காக அவனைக் கடிந்துகொள்வதில்லை. மூத்தவன் வர நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.