ஒற்றைக் காது தஞ்சியா

மேலே ஹம்மாம் குளியல்கூடத்தில் தெருவே குளிக்கும். கீழே அதன் வெந்நீர் அடுப்பில் நான் மரத்தூளை அள்ளிப் போட்டு வெந்துகொண்டிருப்பேன். வியாழன் சாயங்காலமானால் ஆம்பளைகள் தஞ்சியாப் பானைகளை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கறி, பூண்டு, உப்பில் ஊறிய எலுமிச்சை எல்லாம் போட்டு வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்டியிருக்கும். ராத்திரி முழுக்கச் சாம்பலுக்குள் கிடந்து வேகும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் எடுத்துத் திட்டில் வைத்துவிடுவேன். அவரவர் பானையை அவரவர் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் தின்பார்கள்.

அப்படித் தூக்கிப் போன சுமைகூலி அல்லால், மறுநாள் காலிப் பானையோடு வந்து நின்றான்.

"புஷ்தா, நான் வெச்சது மாட்டுக்கறி. திறந்தா ஆட்டுக்கறி."

"உன் பானைதானே? ஒரு காது உடைஞ்சிருக்கே."

"இதுக்கும் உடைஞ்சிருக்கு. ஆனா என்னுது இல்ல."

"தின்னுட்டீங்களா?"

"வழிச்சு நக்கிட்டோம். என் ஆயுசுல இப்படித் தின்னதில்லப்பா. அதான் பயமா இருக்கு. இதைப் பறிகொடுத்தவன் சும்மா விடுவானா?"

ஆனால் ஒருத்தனும் கேட்டு வரவில்லை. அதுதான் விநோதம்.

ஹம்மாம் முதலாளி ஹாஜ் மஹ்ஜூபுக்கு விஷயம் எட்டியது. "பானை மாறுற அடுப்புன்னு பேரு வந்தா எவன் வருவான்? வர்ற வியாழனுக்குள்ள அது யாருதுன்னு சொல்லு. இல்லன்னா சாம்பல்வாரியை வெச்சிட்டுக் கிளம்பு" என்றார். வளைந்துபோன என் முதுகுக்கு இனிமேல் எவன் வேலை தருவான்?

எதிர்த் தெருத் தையற்காரர் அப்துல்மவ்லாவுக்கோ குஷி. அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பழைய மலிவு விலைப் புத்தகங்களில் இன்ஸ்பெக்டர் மிஸ்பாஹ் என்று ஒரு துப்பறிவாளர் வருவார். ஒரு செருப்பைப் பார்த்தே ஆளின் ஊரைச் சொல்வார். அந்த இன்ஸ்பெக்டரின் பேரன் கைபேசியோடு நம் தெருவில் துப்பறிவதாகக் கதை. வழக்கு மட்டும் கிடைக்காமல் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றிருந்தது.

பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார். பானையின் அடியை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"முப்பது வருஷக் கை. ஆம்பளைக் கை. பொம்பளைக்குத் தஞ்சியா வராது, புஷ்தா."

பிறகு பானையின் கழுத்தில் தொங்கிய நூலை நீட்டிப் பார்த்தார். நீலப் பட்டு முறுக்கு நூல். "ஜெல்லாபா அங்கிக்குக் கரை கட்டுற நூல்! ஆள் தையற்காரன்தான்."

கடைவீதியில் ஒரு தையற்கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினார். எல்லாரும் கையை விரித்தார்கள்.

புதன்கிழமை, ஏதாவது தெரிந்ததா என்று கேட்க அவர் கடைக்குப் போனேன். ஆள் இல்லை. அவர் மனைவி லல்லா துரியா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மடியில் நீல நூற்கண்டு. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பானையில் இருந்த நூலின் நுனியும் கடித்துப் பிய்த்த மாதிரித்தான் இருந்தது.

நான் நூலைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கை நின்றது. தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று.

அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை நிலைக்கும். ஆனால் சொன்னால் லல்லா துரியா வீட்டில் என்ன நடக்கும்?

வியாழக்கிழமை தையற்காரர் எல்லாரையும் அடுப்பறைக்கு வரச் சொன்னார். "புத்தகத்துல இப்படித்தான். கடைசியில எல்லாரையும் ஒரே அறையில நிறுத்தணும்."

"சீக்கிரம் சொல்லும், உள்ள வேகுது" என்றார் ஹாஜ்.

அவர் சுற்றிச் சுற்றி நடந்து, தன் தொழில் எதிரி ஜிலாலியை நோக்கி விரலை நீட்டினார். "இவன்தான்!"

"போய்யா. எனக்குப் பல்லே இல்ல, கறியைப் போட்டு நான் என்ன பண்ண?" என்றார் ஜிலாலி.

அல்லால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹாஜ் சிரிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். "குடு."

தையற்காரரைப் பார்த்தேன். பிறகு சாம்பல்வாரியை ஹாஜின் கையில் கொடுத்தேன்.

"அதை புஷ்தாகிட்டயே திருப்பிக் குடுங்க, ஹாஜ்."

வாசலில் லல்லா துரியா. இடுப்பில் இன்னொரு ஒற்றைக் காதுப் பானை.

"அந்தப் பானை நாங்க பொம்பளைங்க தோட்டத்துக்குப் போக நான் வெச்சது. ஆம்பளைங்க தொழுகையில இருக்கறப்போ வந்து, அவசரத்துல மாத்தித் தூக்கிட்டேன். இந்தா அல்லால், உன் பானை. அவ்வளவு சீரகமா போடுவாங்க? என் சினேகிதிங்க இன்னும் என்னைத் திட்டுறாளுங்க."

தையற்காரரின் விரல் இன்னும் ஜிலாலியைக் காட்டியபடியே இருந்தது.

"நூல் நம்ம கடை நூல்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார், விரலை மடக்கி.

"தெரிஞ்சுதான் ஊரெல்லாம் அலைஞ்சீங்களா?"

ஹாஜுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. இருமி இருமிச் சிரித்து, சாம்பல்வாரியை என் மேல் சாய்த்தார். "நிக்காத. பானைங்க காத்துக் கிடக்கு."

சாம்பலில் குழி பறிக்க ஆரம்பித்தேன். பின்னால் தையற்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்பது காதில் விழுந்தது.

"அந்த எலுமிச்சம்பழத்தை எப்போடி போட்டே?"

"துப்பறியுங்களேன்" என்றார் லல்லா துரியா.