கிளிப்பச்சை ஆம்லெட்

எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஒரு முன்னாள் நர்ஸ். குரலை வைத்து எல்லோரும் அவரை சைரன் அக்கா என்போம். கீழ்த்தள அறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் அறிவியல் கிளப்பில், அமிலம் எது, காரம் எது என்று நிறம் மாற்றிக் காட்ட ஆசைப்பட்டேன்.

"பிள்ளைங்க குடிச்சாலும் ஒண்ணும் ஆகாத பொருளா இருக்கணும். ஒரு புகார் வந்துச்சு, கிளப்பை மூடிடுவேன்" என்றார் அக்கா.

மூடினால் நான் அழுதே விடுவேன். நாள் முழுக்கப் பெயின்ட் கடையில் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் கலக்குகிறேன். அந்தச் சனிக்கிழமைதான் எனக்கென்று இருப்பது.

வாரம் முழுக்க நிறங்காட்டி தேடும் படலம். சாப்பிடும்போதுகூடப் பாதுகாப்புக் குறிப்புகளைச் சத்தமாக வாசித்தேன். மெத்தில் ஆரஞ்சு: விழுங்கினால் நச்சு. தள்ளு. பினாப்தலீன்: ஒரு காலத்தில் பேதி மருந்து. பெற்றோர்கள் என்னை ஓட ஓட விரட்டுவார்கள். தள்ளு. என் கணவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், சாவைப் பற்றிப் பேசியே சம்பாதிப்பவர். கையில் எடுத்த கவளத்தை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் எனக்கு விடை கிடைத்த அன்று மட்டும் மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விடை, ஊதா முட்டைக்கோஸ். பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டேன்.

சனிக்கிழமை காலையில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் சைரன் அக்காவின் செருப்பு. உள்ளே, சோபாவில் கணவர் மல்லாந்து கிடக்க, அக்கா நாடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் கெமிக்கலைத் தின்னுட்டாராம். போன்ல ஒரே கதறல்!"

"வெங்காயம்னு நினைச்சு முட்டையில போட்டேன்" என்று முனகினார் கணவர். "பேப்பர் படிச்சுக்கிட்டே சாப்பிட்டேன். பாதியிலதான் பார்த்தேன். கிளிப்பச்சை! ஸ்கூட்டரை மட்டும் உன் தம்பிக்குக் குடுத்துடாதே."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அது வெறும் கோஸ்ங்க!"

"கோஸ் போட்டா முட்டை இந்தக் கலருக்கு வருமா? யார் காதுல பூ சுத்தறே? இன்னைக்கே கிளப்பை மூடறேன்" என்றார் அக்கா.

என் சிரிப்பு சட்டென்று நின்றது. தட்டில் மிச்சமிருந்த ஆம்லெட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் ரோஸ்.

"வெள்ளைக்கரு காரம், அதான் பச்சை. எலுமிச்சை அமிலம், அதான் ரோஸ்" என்று சொல்லி, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்கா நாடியை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னொரு தடவை பிழி."

பிழிந்தேன்.

"தள்ளு, நான் பிழியறேன்."

அதற்கப்புறம் அவரை யார் பிடிப்பது? சமையல் சோடாவைத் தேடி என் அலமாரியையே குடைந்தார். கிண்ணத்து ஊதாத் தண்ணீர் நீலமாகிப் பச்சையானது. எலுமிச்சை விழுந்ததும் புஸ்ஸென்று பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அக்கா கூவிய கூவலில் எதிர்வீட்டு மாமா ஓடிவந்தார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"நான் பிழைச்சுக்குவேனா?" என்றது சோபா.

"சும்மா படுங்க தம்பி, இங்க முக்கியமான வேலை நடக்குது!"

கிளம்பும்போது அக்கா உத்தரவு போட்டார். "சாயங்காலம் இவரையும் கூட்டிட்டு வா. தின்னவர் நல்லாத்தான் இருக்கார்னு பெத்தவங்க கண்ணால பார்க்கட்டும்."

கெஞ்சினாலும் என் கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அவரைக் கிள்ளிப் பார்த்தார்கள். ஒரு வாண்டு நாக்கை நீட்டச் சொன்னாள்; நீட்டினார். எனக்கு அவர்மேல் திடீரென்று அப்படியொரு பிரியம் வந்தது.

சைரன் அக்கா அறைச் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை இடித்துத் தள்ளி முன்வரிசையில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவரையே பார்த்துக்கொண்டு நான் பிழிந்த முதல் சொட்டு, கிண்ணத்தை விட்டு மேஜையில் விழுந்தது.