வராத அண்ணன் நின்ற படம்

"முதல்ல யாரு யாரைப் பார்த்தீங்க?" என்று கேட்டார் ஃபைல் சார்.

"அவர்தான் எங்க லேப்புக்கு வந்தாரு. கையில ஒரு டிபன் டப்பா. அதுக்குள்ள அவங்க அம்மாவோட பல் செட்டு..."

"நிறுத்துங்க, நிறுத்துங்க." ஃபைல் சார் பேனாவை மேசையில் போட்டார். "பல் செட்டுல ஆரம்பிச்ச கல்யாணம்னு சொன்னா தூதரகத்துல சிரிச்சே அனுப்பிடுவாங்க. நான் எழுதிக் கொடுத்திருக்கேன்ல? சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். பெரியவங்க பார்த்தாங்க, பேசினாங்க, முடிச்சாங்க. எங்க, சொல்லுங்க."

அவர் எழுதிக் கொடுத்த தாளை அவள் கவிழ்த்து வைத்தாள்.

அவள் பல் கட்டும் தொழிற்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சிலிருந்து மெழுகு வைத்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தேழு வயது. முதல் கல்யாணம் முறிந்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன் அவளைவிட ஆறு வயது சின்னவன். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பதினெட்டு நாள் விடுமுறையில் வந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவனிடம் போய்ச் சேர அவளுக்கு விசா வேண்டும். அதற்குத்தான் ஃபைல் சார். இவர் தயாரித்த ஃபைல் திரும்பி வந்ததே இல்லை என்று ஊரில் பேச்சு.

"படம் பத்தாதுன்னு சொன்னேன்ல? அதையும் சரி பண்ணியாச்சு" என்று ஒரு உறையை நீட்டினார்.

உள்ளே அவர்களுடைய கல்யாணப் படம். பதிவு அலுவலகத்துப் படிக்கட்டில் எடுத்தது. அன்று அதில் நின்றவர்கள் நான்கே பேர்: அவள், அவன், சாட்சிக் கையெழுத்துப் போட்ட லேப் முதலாளி, இன்னொரு சாட்சியான ஜெராக்ஸ் கடைக்காரம்மா. இப்போது ஐந்து பேர் நின்றார்கள். அவள் தோளுக்குப் பின்னால், போன வருடம் அவளே எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையில், அவளுடைய அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்கப் பல்லுக்கு நிறம் பொருத்துகிற கண் அவளுடையது. மற்ற நால்வரின் நிழலும் இடது பக்கம் விழுந்திருந்தது. அண்ணனுக்கு நிழலே இல்லை.

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரல" என்றாள்.

"தெரியுமே. அதான் வர வச்சிருக்கேன்."

"இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"அவர்தாம்மா கொடுத்தாரு. போன் பண்ணிப் பேசினேன். தங்கமான மனுஷன், உடனே அனுப்பிட்டாரு."

அவள் எழுந்து, மேசைமேல் இருந்த தன் அசல் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். விவாகரத்துத் தீர்ப்பு, பதிவுச் சான்று, பிறப்புச் சான்று. ஐந்து பேர் நின்ற படத்தை மட்டும் நான்காகக் கிழித்து அங்கேயே வைத்தாள்.

"என்னம்மா இது? நான் இல்லாம போனீங்கன்னா வெறுங்கையோட வருவீங்க. அப்புறம் இங்க வந்து அழக்கூடாது."

"அழுகை வந்தா எங்க வீட்லயே அழுதுக்கறேன் சார். உங்க நாற்காலிக்கு எதுக்கு வேலை?"

மறுநாள் மதியம் அண்ணன் லேப்புக்கு வந்தார். எட்டு மாதத்தில் அவர் அவள் முகத்தைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. "அவனைக் கட்டிக்கிட்டா என் வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னவர், இப்போது அவளுடைய வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். உள்ளே மெருகேற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

"படத்தைக் கிழிச்சியாமே?"

"கிழிச்சேன்."

"உனக்கு நல்லதுதானே பண்ணினேன்? நான் நின்னா உனக்குத்தானே பலம்?"

"நிக்க வேண்டிய அன்னிக்கு நிக்கலையே அண்ணா. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பன்னெண்டே கால் வரைக்கும் படியிலேயே நின்னேன். அந்த ஆபீஸ் ஆளு வந்து, 'இன்னும் யாராச்சும் வரணுமா'ன்னு மூணு தடவை கேட்டுட்டுப் போனான்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப நாலு பேரு கேக்கறாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு நீ போகலையான்னு. அந்தப் படம் இருந்தா உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

அவள் கையிலிருந்த செட்டைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அப்ப இது விசாவுக்கு இல்ல. உனக்கு."

"ரெண்டும்தான்னு வச்சுக்கோயேன்."

"உனக்கு என் கல்யாணம் பிடிக்கல. சரி, அது உன் இஷ்டம். நான் சண்டை போட்டேனா? ஆனா பிடிக்கலன்னு வீட்டுல உக்காந்துட்டு, வந்த மாதிரி பேரு மட்டும் எடுத்துக்க முடியாது. வரணும்னா இப்பவும் வா. எங்க வீட்டுக்கு வா, சாப்பிடு, மாப்பிள்ளைகிட்ட போன்ல பேசு. அதைப் படம் எடு, நானே ஃபைல்ல வைக்கறேன், இன்னிக்குத் தேதியோட."

அண்ணன் சுவரில் வரிசையாகத் தொங்கிய அச்சுகளைப் பார்த்தபடியே, "திமிரு உனக்குக் குறையவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூள் படிந்த முகக்கண்ணாடி மூடியை இறக்கி வேலையைத் தொடர்ந்தாள். அந்த மூடி நல்ல வசதி, உள்ளே கண் கலங்கினாலும் வெளியே தெரியாது.

கணவனோ போனில் அண்ணனுக்கு மேல் பேசினான்.

"ஒரு போட்டோதானே? வச்சுட்டுப் போயிருக்கலாம். இங்க ஒருத்தன் பொண்டாட்டிக்காக ரெண்டு வருஷமா அலையறான். எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காகப் பொய்ய மனப்பாடம் பண்ணணுமா? பத்து வருஷம் கழிச்சு அந்தப் படத்தைப் பார்த்தா, அண்ணன் வந்தான்னு நானே நம்பிடுவேன். நான் பன்னெண்டே கால் வரைக்கும் நின்னது எங்க போகும்?"

கிரேன்களின் இரைச்சலிலிருந்து அவன் தள்ளி நடந்து வருவது கேட்டது. பிறகு அவன், "சரிங்க மேடம்" என்றான். பழகிய புதிதில் அப்படித்தான் அழைப்பான். இப்போது தோற்றுப்போனால் மட்டும் அழைப்பான்.

அவளே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். "எப்படிச் சந்தித்தீர்கள்" என்ற கட்டத்தில் நடந்ததை எழுதினாள். அவன் அம்மாவுக்குப் பல் செட் பொருந்தவில்லை. வாய்க்குள் இருப்பதைவிட டப்பாவுக்குள்தான் அதிகம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்த மகன் அதைத் தூக்கிக்கொண்டு லேப்பில் சண்டைக்கு வந்தான். அவள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் கடியைச் சரிபார்த்து மூன்று தடவை திருத்திக் கொடுத்தாள். நான்காவது தடவை அவன் வந்தபோது டப்பா காலி. "அம்மா நல்லா சாப்பிடறாங்க, அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். அந்த மூன்று திருத்தங்களின் வேலைச்சீட்டு நகலையும் படிவத்தோடு இணைத்தாள்.

நேர்காணலுக்குப் பழக, மதிய இடைவேளையில் லேப் முதலாளி தூதரக அதிகாரியாகிக் கேள்வி கேட்பார். கேள்வி கேட்பதைவிட அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதில்தான் அவருக்குக் கவனம் அதிகம். இரண்டு வருடக் கைபேசிச் செய்திகளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்காரம்மாவிடம் கொடுத்தாள். அந்தம்மா எடுத்துக்கொண்டே படித்துச் சிரித்தார்.

"ஏம்மா, இந்தச் சண்டையெல்லாமா எடுக்கறது? இனிப்பா இருக்கறதை மட்டும் எடுத்தாப் போதாதா?"

"எல்லாத்தையும் எடுங்கக்கா. நடுவுல பக்கம் குறைஞ்சா அதையும் கேப்பாங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

நேர்காணல் அன்று தூதரகத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். காத்திருந்த கூடத்தில் ஒரு புதுப்பெண் தாளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "பெரியவங்க பார்த்தாங்க, பேசினாங்க, முடிச்சாங்க." ஃபைல் சாருடைய வரிகள். பல்லக்கா அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவளுடைய எண் வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அதிகாரி அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒல்லியாக ஒரு மனிதர். பெயர், பிறந்த தேதி எல்லாம் முடிந்ததும் அதிகாரி கல்யாணப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க பக்கத்துச் சொந்தக்காரங்க யாரு இதுலன்னு கேக்கறாங்க."

"யாரும் இல்ல."

"ஏன்?"

"எனக்கு இது ரெண்டாவது கல்யாணம். அவரு என்னைவிட ஆறு வயசு சின்னவரு. எங்க அண்ணனுக்குப் பிடிக்கல. அதனால வரல."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அந்த மொழி அவளுக்குச் சரளமாகப் பேச வராது. ஆனால் ஒரு வருடம் பாடம் கேட்டவள். 'அண்ணனுக்கு உடல்நிலை சரியில்லை' என்று அவர் சொன்னது புரிந்தது.

"சார், எங்க அண்ணன் நல்லா கல்லு மாதிரி இருக்காரு. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவர் முகம் சிவந்தது. "உங்க நல்லதுக்குத்தான்..."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் திருத்திச் சொன்னார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் தங்கியிருக்கற வீட்டுக் கதவு என்ன நிறம்?"

"தெரியாது. நான் அங்க போனதில்லையே."

"கேட்டுக்கூடத் தெரிஞ்சுக்கலையா?"

"கதவோட நிறத்தையா கேப்பாங்க? சாப்பிட்டியான்னு கேட்டேன், கை வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். அனுப்பி வைங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

இதை மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார் என்பது அவர் விழுங்கிய எச்சிலிலேயே தெரிந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. வேறொரு தாளை எடுத்தார்.

"கல்யாணத்துக்கப்புறம் உங்களுக்குள்ள வந்த முதல் சண்டை எதைப் பத்தி?"

"அங்க வந்தா வேலைக்குப் போக வேண்டாம், வீட்டுல இருன்னு சொன்னாரு. கல்யாணமாகி அஞ்சாவது நாளு. ரெண்டு நாள் நான் பேசல. இருந்ததே பதினெட்டு நாளு, அதுல ரெண்டு போச்சு."

அதிகாரி தாளின்மேல் விரலை வைத்தார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"போன வாரம் உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசியிருக்காங்க. இதே கேள்விதான். உங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லைன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு பேருல ஒருத்தர் உண்மை பேசலன்னு சொல்றாங்க."

ஒரு வார்த்தையில் தப்பிக்கலாம்: 'அது சும்மா விளையாட்டுச் சண்டை' என்று சொன்னால் போதும். அவன் சொன்னதோடும் பொருந்திவிடும்.

"உங்க பதிலை மாத்திக்கறீங்களான்னு கேக்கறாங்க."

"மாத்த மாட்டேன். அவருதான் உண்மை பேசல. சண்டை போட்டோம்னு சொன்னா விசா கிடைக்காதுன்னு பயந்திருப்பாரு. சண்டையே போடாத புருஷன் பொண்டாட்டியை நீங்க எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களான்னு அவங்களைக் கேளுங்க. அந்த நாள் வந்த மெசேஜெல்லாம் பேப்பர் கட்டுல இருக்கு, தேதி போட்டிருக்கு."

அதிகாரி கட்டைப் புரட்டினார். தேதியைக் கண்டுபிடித்து, மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்து வாசித்துச் சொன்னார்.

"'மேடம், பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.' 'மேடம், சாப்பிட்டாச்சா?' 'நான் சொன்னது தப்பு.' 'தப்புதான், ஆனா நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்.' 'சரி, அந்த ஆனாவை எடுத்துட்டேன். தப்பு மட்டும்தான். கதவைத் திற.'"

மொத்தம் பதினோரு செய்திகள். அவள் பதில் போட்டது கடைசிக்கு மட்டும்: 'திறந்துதான் இருக்கு.'

அதிகாரி அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை பார்த்தார், எழுத்துப் புரியாவிட்டாலும். பிறகு கட்டை மூடி, முடிவு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்து கைபேசியை வாங்கியதும் அவள் அவனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: 'மறுபடி கேட்டா உண்மையச் சொல்லு.' மறுபடி கேட்டார்கள். ஒன்பது நாள் கழித்து அதே கேள்வி. இந்தத் தடவை அவன் இருபது நிமிடம் பேசினானாம். போதும், நிறுத்துங்கள் என்று அவர்களே சொல்லும்வரை.

ஐந்து வாரம் சென்று ஒரு காலையில் கடவுச்சீட்டு வந்தது. லேப் முதலாளி உறையைப் பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார். பிரித்தாள். பன்னிரண்டாவது பக்கத்தில் விசா ஒட்டியிருந்தது. தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் அவனை அழைத்தாள்.

அவன் கத்தியது கிரேன் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. கத்தி முடிந்ததும், "இந்த வாரமே கிளம்பிடு" என்றான்.

"முடியாது. ஒத்துக்கிட்ட வேலை ஒம்பது செட்டு இருக்கு. பல்லில்லாம ஒம்பது பேரு கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. முடிச்சுட்டு மாசக் கடைசில வர்றேன்."

"சரி."

"அப்புறம், உன் ஊர்ல பல் லேப்புக்கெல்லாம் எழுதிப் போட்டேன். ஒருத்தங்க பதில் போட்டிருக்காங்க. செஞ்சு வச்சிருக்கறதை எடுத்துட்டு வந்து காட்டச் சொல்றாங்க."

வேலை வேண்டாம் என்று இந்தத் தடவையும் அவன் சொன்னால், அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்டான்.

சொன்னாள்.

"அங்க போக ரெண்டு பஸ் மாறணும். காலைல கூட்டமா இருக்கும். ஞாயித்துக்கிழமை நான் ஒரு தடவை போய்ப் பார்த்து வைக்கறேன்."

"பார்த்து வை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் மெழுகை அடுப்பில் வைத்தாள்.