ஒரு துண்டு நார்த்தங்காய்

தேவி என்னைப் பார்த்துவிட்டாள். அதில் சந்தேகமே இல்லை. ஏரிக்கரைச் சாலையின் திருப்பத்தில் அவளுடைய ஆரஞ்சுத் தொப்பி தெரிந்ததுமே நான் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டை எடுத்துக் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் கண்கள் முதலில் என் முகத்துக்கு வந்தன. பிறகு கைக்குப் போயின. ஓட்டம் ஒரு நொடி தடுமாறியது. அப்புறம் தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டிவிட்டு, சாலையின் மறு ஓரத்துக்கு விலகி, என்னைக் கடந்து போய்விட்டாள். பஸ் நிலையத்தில் நோட்டீஸ் நீட்டுகிறவனிடமிருந்து நாம் எல்லோரும் அப்படித்தான் விலகுவோம்.

வருகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. காளிகாட்டிலிருந்து மெட்ரோ ஏறி, இரண்டு பஸ் மாறி, நியூ டவுனில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்து வந்திருந்தேன். கூட்டமெல்லாம் முடிவுக் கோட்டுப் பக்கம் இருந்தது. மேளம், மைக், வங்காள மொழியில் கூச்சல். அங்கே எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதனால் ஏரியின் மறுகரைக்கு நடந்து வந்து, ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒரு மரத்தடியில் நின்றுகொண்டேன். இங்கே நின்றால் அவளுக்கு நான் ஒருவன்தான் தெரிவேன் என்று ஒரு கணக்கும் இருந்தது. கணக்கு சரிதான். அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள்.

உங்கள் மனைவி போகும் இது என்ன போட்டி என்று என் அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது: விடிந்ததும் ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். கரையேறித் துவட்டக்கூட நேரமில்லாமல் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், ஏரியை மூன்று முறை சுற்றி. எல்லாவற்றையும் மதியம் மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும். மூன்று அடித்தால் கடையைக் கட்டிவிடுவார்கள், அதற்குப் பின் வருகிறவர்களுக்குக் கணக்கில் இடமில்லை. எதற்காக என்று அடுத்து கேட்பார்கள். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்பேன்.

போன வருஷம் தேவி ஆறு நிமிஷத்தில் தவறவிட்டாள். பாவம் என்று யாரோ ஒரு பதக்கத்தை எடுத்து நீட்டினார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இதையெல்லாம் நான் அவள் போனில் யாரிடமோ சொல்லும்போது கேட்டேன். என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். பால்கனியில் குனிந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஆறு நிமிஷங்க" என்றாள். நான், "சரி விடு, வயசென்ன குறையுதா" என்றேன். அதைச் சொன்னதுகூடப் பெரிதில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதுதான் கேவலம். இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை நாலரைக்கு அலாரம் அடித்தது.

நாங்கள் சேலத்துக்காரர்கள். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்துக்கு எனக்கு மாற்றல் வந்து ஏழு வருஷம் ஆகிறது. தேவி செக்டார் ஃபைவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினோம், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டோம், இரண்டும் ஒரே அளவு களைப்பாகத்தான் இருந்தது. வந்த புதிதில் லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதே எங்களுக்கு ஒரு ஊர்வலம். இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கி, நடந்தே வீட்டுக்கு வருவோம். அப்புறம் ஆபீஸில் யாரோ அவளைப் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள், நல்ல விதமாகத்தான். எனக்குத்தான் அந்த ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷமாக எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. நீலம் நீச்சல், பச்சை சைக்கிள், சிவப்பு ஓட்டம். வெள்ளைக் கட்டம் என்றால் ஓய்வு, வாரத்தில் ஒன்று. அந்த ஒன்றில் அவள் தூங்குவாள். மாலை ஆறரைக்கே சாப்பிட்டுவிடுவாள், ஒன்பதுக்குப் படுத்துவிடுவாள். நான் அலுவலகத்திலிருந்து வந்து மூடி வைத்த சாதத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். கேஸ் வந்ததா, பால் இருக்கிறதா, ஜன்னலைச் சாத்தவா, இதற்கு மேல் பேச்சு நீளாது. துர்கா பூஜை நாட்களில் ஊரே தெருவில் இருக்கும். கீழ்வீட்டு பௌதி, அதாவது அண்ணி, என்னைத் தனியாகப் பந்தலில் பார்த்துவிட்டு, தீதி எங்கே, அக்கா எங்கே என்று வங்காள மொழியில் கேட்பாள். எனக்கு வரும் ஒரே பதில், "சைக்கிள்." அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். தேவி என்னை எதுவும் சொன்னதில்லை. எதுவும் கேட்டதுமில்லை.

இரண்டு மாதமாகத் தூக்கத்தில் அவளுக்கு இடது கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளே பிடித்துவிட்டுக்கொள்வாள், என்னை எழுப்புவதில்லை. நான் விழித்துத்தான் இருப்பேன். உப்பு குறைந்தால்தான் அப்படி இழுக்கும் என்று போனில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு நார்த்தங்காய் ஞாபகம் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு செய்த பெருமையோடு சனிக்கிழமை லேக் மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, நன்றாக உப்புப் பூத்து, காய்ந்து, சுருள் சுருளாக இருந்ததைப் பார்த்து வாங்கினேன். ஓடும்போது வாயில் போட்டு அடக்கிக்கொள்ள வசதியாகச் சின்னச் சின்னத் துண்டாக நானே நறுக்கினேன். இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்காக நான் செய்த ஒரே காரியம் அது.

"சார் தமிழா?"

திரும்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், உடம்போடு ஒட்டிய போட்டி உடையில், காலில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். புஜத்தில் மையால் எழுதிய எண் வியர்வையில் கலைந்திருந்தது.

"டப்பாவப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. நான் சூசைராஜ், தூத்துக்குடி. இங்க கப்பல் கட்டுற எடத்துல இருக்கேன். எழுபதாவது கிலோமீட்டர்ல டயரு கிழிஞ்சு போச்சு, நம்ம ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. அது நார்த்தங்காய்தான? ஒண்ணு குடுங்க சார்."

கொடுத்தேன். கண்ணை மூடி அதை வாயில் அடக்கிக்கொண்டார். தேவி ஒதுக்கிவிட்டுப் போன பொருளை ஒருவர் இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்ப போனது உங்க வீட்டம்மாவா? அவங்க வாங்கமாட்டாங்க சார். வழியில நாலு எடத்துல மேசை போட்டு வச்சிருக்காவல்லா, அங்க உள்ளதத்தான் தொடணும். வெளியாள் கையால ஒரு சொட்டுத் தண்ணி வாங்குனாலும் பேரை அடிச்சிருவாவ. நான் அவுட்டாயிட்டேன், அதனால தைரியமாத் திங்கேன்."

"நான் அவ புருஷங்க."

"ஓடுற ஆளத் தவுத்து எல்லாரும் வெளியாள்தான் சார்" என்றார், ஆறுதல் சொல்லும் குரலில். பிறகு, "தண்ணியில எனக்கு முன்னாடி போனாங்க. என்னமா நீந்துறாங்க!" என்றார்.

என் மனைவி நீந்தி நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகக் கொடியில் காயும் நீச்சல் உடையைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் பார்த்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, அதை மறைக்க இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். என் கையைப் பார்த்ததும் அவள் ஓட்டம் ஏன் தடுமாறியது என்று இப்போதுதான் புரிந்தது. அவமதித்துவிட்டாள் என்றல்லவா இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சுற்றில் அவள் வந்தபோது மணி ஒன்று ஐந்து. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சூசைராஜ் கை தட்டி, "விடாதீய, நல்லாப் போறீய" என்று உரக்கக் கத்தினார். நானும் ஏதாவது சொல்ல வேண்டும். ஓடுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. அவள் அருகில் வந்துவிட்டாள், போயும்விடுவாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தேவி, சாயங்காலம் கேஸ் வருதாம்!"

அவள் சிரித்தாள். அல்லது மூச்சு அப்படி வாங்கியது. போய்விட்ட பிறகு சூசைராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், அவருடைய சைக்கிளை ஏற்றிய வண்டி வந்துவிட்டதாக அவருக்குப் போன் வந்தது. கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டார். மரத்தடியில் நான் மட்டும் இருந்தேன். ஓடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர், பத்து நிமிஷத்துக்கு ஒருவர். இரண்டு மணி ஆனது. இரண்டு பத்து ஆனது. இங்கிருந்து முடிவுக் கோட்டுக்கு இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர் என்று எனக்குத் தெரியும். அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு ஆவலாக யார் வரவையும் பார்த்து நின்றதில்லை.

இரண்டு பதினேழுக்கு ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. ஓடவில்லை. இடது காலை விரல்நுனியில் மட்டும் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். முகம் முழுக்க வியர்வை காய்ந்து வெள்ளைப் பொடியாக இருந்தது.

"குடுங்க" என்றாள்.

"தேவி, வெளியாளுங்க குடுத்து வாங்கக்கூடாதுன்னு..."

"தெரியும். யாரும் இல்ல. குடுங்க."

உண்மையில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். சாலை வெறிச்சென்று கிடந்தது. அவள் உள்ளங்கை என் முன்னால் விரிந்திருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். நான் டப்பாவைத் திறந்துவிட்டேன். துண்டை எடுத்தும்விட்டேன்.

அப்போது என் கை எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று எனக்கே தெரிந்தது. தேவியால் பொய்யோடு இருக்க முடியாது. அடுத்த மேசையில் இல்லாவிட்டாலும் முடிவுக் கோட்டில், அங்கே இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போய் நாளைக்கு, அவளே போன் செய்து சொல்லிவிடுவாள். பெயரை அடித்துவிடுவார்கள், அந்த அவமானத்தில் அவள் இதையே விட்டுவிடுவாள். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற காகிதம் போய்விடும். நாலரை மணி அலாரம் அடிக்காது. சாயங்காலங்களில் நாங்கள் மறுபடியும் கறிவேப்பிலை வாங்கப் போவோம். அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது, எனக்கு அவள் மிஞ்சுவாள். ஆறு நிமிஷம் என்று அவள் சொன்ன அன்றைக்கு வந்த அதே நிம்மதிதான் இப்போது என் கையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைத்தான் இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டை உள்ளே போட்டு மூடியை அழுத்தி மூடினேன்.

"முன்னால ஒரு கிலோமீட்டர்ல மேசை இருக்கு. அங்க உப்பு வச்சிருப்பாங்க. நட."

அவளுக்குப் புரியவில்லை. கையை மடக்காமலே நின்றாள். "வலி உயிர் போகுதுங்க. நான் வாய் விட்டுக் கேக்கறேன்."

"தரமாட்டேன்."

"அப்பறம் நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

நியாயமான கேள்வி. மெட்ரோவில் உட்கார்ந்து வரும்போதே அதற்கு ஒரு பதிலை யோசித்து வைத்திருக்க வேண்டும். உன்னைப் பார்க்கத்தான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. கடிகாரத்தை மட்டும் திருப்பி அவளுக்குக் காட்டினேன். இரண்டு பத்தொன்பது.

அவள் கண் நிறைந்தது. கோபமா, வலியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தும் அந்த முகத்தை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

கூடவே போகலாமென்று நாலடி வைத்தேன். அதற்கும் ஏதாவது விதி இருக்குமோ என்று நின்றுவிட்டேன். ஏரியிலிருந்து காற்று வந்தது. தூரத்து மைக்கில் யாரோ ஒருவருடைய பெயரை வாசித்தார்கள், அது அவள் பெயர் இல்லை. நான் அவளுடைய இடது குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தரையில் படவில்லை. அடுத்த அடியிலும் படவில்லை. விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பிடித்து நின்று, காலை நீட்டி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கம்பத்தை விட்டாள். பிறகு வைத்த அடியில் குதிகால் மெதுவாக, முழுவதுமாகத் தரையில் பதிந்தது. அடுத்ததும் பதிந்தது. மூன்றாவதை அவள் கொஞ்சம் எட்டி வைத்தாள்.