ஒரே குளத்தில் இரண்டு கம்பு

கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே மழைக்காலத்தில் மட்டும் நீலக் குளங்கள் முளைக்கும். போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. மணலுக்குக் கால் உண்டு. அதனால் பத்திரம் அங்கே செல்லாது. மழை விட்டதும் எவர் முதலில் கம்பு நடுகிறாரோ, நீர் வற்றும்வரை குளம் அவருடையது. காகிதத்தில் இல்லாத சட்டம். அதனாலேயே யாரும் மீறியதில்லை.

லாரி டியூபில் காற்றடித்து, குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது டியூப்காரியின் பிழைப்பு. அவளுடைய அண்ணன் மனைவிக்கும் அதே பிழைப்புதான். ஆளுக்கொரு குளத்தில் கம்பு நட்டார்கள். மறுவாரம் கொட்டிய மழையில் நடுத்திட்டு கரைந்து, இரண்டு குளமும் ஒன்றாகிவிட்டன.

பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் முழங்கால் ஆழம். மறுபக்கம், பெரிய மேட்டின் அடியில், ஆள் ஆழம். ஆழம்தான் கடைசியில் வற்றும். குளம் கையைவிட்டுப் போனால் டியூப்காரிக்கு மறுபடி ஐஸ் ஃபேக்டரிதான். போன வருடம் அங்கே நீலம்பாரித்த நகம் இன்னும் முழுதாக வளரவில்லை.

தள்ளிவிட வேண்டிய சரக்கைத்தான் புகழ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"குழந்தைகுட்டியோட வர்றவங்க இந்த முழங்கால் தண்ணியிலதான் இறங்குவாங்க, அண்ணி. லட்டு மாதிரி இடம். நீங்க பெரியவங்க, இதை நீங்களே எடுத்துக்கோங்க."

"ஐயோ, உன் வயித்துல அடிப்பேனா? லட்டை நீயே தின்னு. எனக்கு அந்த ஆழமே போதும், என் தலையெழுத்து."

பதினாறு வருடம் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றவள் அண்ணி. நாத்தனாருடைய புகழ்ச்சிக்கு என்ன எடை என்று அவளுக்குத் தெரியாதா?

ஏழாவது வாரம் லட்டு காய்ந்தது. டியூப்காரியின் கம்பு வெறும் மணலில் நின்றது. சட்டப்படி தண்ணீரில் அவள் உரிமை தீர்ந்தது. ஆனால் காற்று அண்ணியையும் விடவில்லை. பெரிய மேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் கரையைச் செங்குத்தாக்கிவிட்டது. அந்தப் பக்கம் ஜீப் இறங்காது. டியூப்காரியின் காய்ந்த பக்கம் ஜீப் நின்றால், தண்ணீருக்கு இருநூறு அடி, கொதிக்கிற மணலில் நடக்க வேண்டும். வந்தவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்தியிடம் கடை இருந்தது, தெரு இல்லை. இன்னொருத்தியிடம் தெரு இருந்தது, கடை இல்லை. முதலில் போய்ப் பேசுகிறவளுக்கு விலை இறங்கிவிடும் என்று மூன்று நாள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரி டியூப்காரியைப் போனில் கூப்பிட்டார். "நாளைக்கு வர்றியா, வேற ஆளைப் போடட்டுமா?"

"சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்தாள்.

அப்போது ஒரு ஜீப் வந்தது. இறங்கிய சிறுமி சுட்ட காலைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். "திரும்பிடலாம்" என்றாள் தாய். டியூப்காரி யோசிக்கவில்லை, சிறுமியைத் தூக்கி டியூபில் உட்கார வைத்தாள், டியூபில் கோத்த கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினாள், இழுத்தாள். டியூப் மணலில் வழுக்கிக்கொண்டு போயிற்று. சிறுமியின் கத்தல் சிரிப்பாயிற்று. "அடுத்து நான்!" என்று மற்றப் பிள்ளைகள் வரிசை கட்டின.

தண்ணீரோரம் அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உன் டியூப் என் தண்ணியில இறங்கக்கூடாது."

"இறங்காது. கரையோட சரி. இங்கேருந்து உங்க டியூப்ல ஏறிக்கட்டும்."

அண்ணி வரிசையைப் பார்த்தாள். கடைசியில் பிள்ளைகளின் அப்பா, இரண்டு ஆள் பருமன், காலில் செருப்பு இருந்தும், டியூபுக்காகக் காத்திருந்தார்.

"அவரை எப்படிடி இழுப்பே?"

"நீங்க ஒரு கயிறு புடிச்சா இழுக்கலாம்."

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகினாள். டியூப்காரி மேஸ்திரிக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் போடச் சொன்னாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். அப்பா நகர்ந்தார்.

"உன் பக்கம் கயிறு தொய்யுது" என்றாள் அண்ணி.

"உங்க கண்ணு தொய்யுது. இழுங்க."