சாவித்ரியின் ஐந்து நாற்பத்தொன்று

"மோட்டரை அமத்திருங்க, டேங்க் வழியுது" என்றாள் சாவித்ரி. பசுபதி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவிட்சை அமர்த்தினார். திரும்பி வருவதற்குள் அவள் அடுப்படி வாசலில் சரிந்து கிடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. விளாங்குடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

அது ஆடி மாதம். தை பிறந்த பிறகு ஒரு நாள் அவளுடைய கைபேசி அடித்தது. அதற்கு அவர் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அக்கா, பவதாரிணி பேசுறேன், ஸ்கூல்ல இருந்து. வெள்ளிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே. இந்த வருஷம் உங்களுக்கு ஆபத்து இருக்கு, சொல்லிட்டேன்!"

பசுபதி விஷயத்தைச் சொன்னார். பிறகு கரகரத்த குரலில், "அப்ப நீங்க வாங்க சார். வேற யாரும் வந்து பிடிக்கக் கூடாது" என்றாள் அந்த பி.டி. டீச்சர். எதைப் பிடிக்க என்று அவர் கேட்கவில்லை.

வைகைக்கு வடகரையில் உள்ள அந்த மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில்தான் சாவித்ரி படித்தாள். வருஷத்துக்கு ஒரு நாள், "பழைய ஸ்கூலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவாள். சாயங்காலம் வாசல்படியில் நின்று சேலைக் கரையை உதறினால் மணல் கொட்டும். நீளம் தாண்டுதலில் ஏதோ ரெக்கார்டு என்பது அவருக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் காலம் முழுக்க எண்களோடு கிடந்தவர். ஐந்து மீட்டர் நாற்பத்தொன்று என்பதும் அவருக்கு இன்னோர் எண்.

மைதானம் என்பது பேச்சுக்குத்தான். மூன்று பக்கமும் வகுப்பறைகள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இடம் பற்றாமல், கேட்டைத் திறந்துவிட்டுத் தெருவில்தான் முடிப்புக்கோடு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கேட்டுக்குள்ளிருந்து அம்பு மாதிரி பாய்ந்து வர, ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைதட்டினார்கள். இவ்வளவு குறுகின இடத்திலிருந்தா மாநிலப் போட்டி வரைக்கும் போனார்கள்? சுற்றுச்சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் பெயர்கள் எழுதியிருந்தன. தண்ணீர்க் குழாய்க்கு மேலே சாவித்ரியின் பெயர். 1987. தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் இருந்த சாவித்ரியை அவர் முதல்தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அண்ணே, சாவித்ரி வீட்டுக்காரர்தானே?" என்று ஒரு பெண்மணி வந்து நின்றாள். நல்ல கனத்த உடம்பு. "நான் சுந்தரவல்லி. அவ கூடப் படிச்சவ. குண்டு எறிதல்ல இன்னைக்கும் நான்தான். எறிஞ்சதும் குண்டு, ஆனதும் குண்டு." சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "சாவுக்கு எனக்குத் தகவலே இல்லைண்ணே."

எதைப் பிடிக்க வேண்டும் என்று அவளிடம்தான் கேட்டார்.

"இந்த ஸ்கூல் பழக்கம்ணே. எவ ரெக்கார்டை அடிக்கப் பாக்குறாங்களோ, அவளே வந்து டேப்போட ஜீரோவை மணல்ல வைக்கணும். எங்க காலத்துல அளவுல கள்ளம்னு அம்புட்டு அடிதடி. தோக்கப்போறவளே அளந்துட்டா அப்புறம் எவ வாயைத் திறப்பா? எங்க டீச்சர் போட்ட சட்டம்."

"சாவித்ரி வந்து பேசாம பிடிச்சிட்டுப் போவாளா?"

"அவளா? 'இம்புட்டுத்தானாடி? காலைல சாப்பிட்டியா இல்லையா?'ன்னு கொக்காணி காட்டுவா. பிள்ளைக வெறிகொண்டு திரும்ப ஓடியாரும்."

வீட்டில் அதிர்ந்து பேசாதவள்.

மணல்குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி நட்டிருந்தது. "அதுதான் அக்காவோட இடம் சார்" என்றாள் பவதாரிணி. பசுபதி கால் ஊன்றிக் கிளம்பும் பலகையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். திரும்பப் பலகையைப் பார்த்தார். அவர்கள் வீட்டு முன்னறை, சோபாவும் டிவியும் கொலுப்படியும் வைக்கிற முன்னறை, அவ்வளவு நீளம் இல்லை. அந்த வெற்றிடத்தை ஒரு பெண் தரையைத் தொடாமல் கடந்திருக்கிறாள். மழைக்காலத்தில் தெருச் சாக்கடையைத் தாண்ட அவர் தோளைப் பிடித்துக்கொள்வாளே, அந்தப் பெண். ஏன் பிடித்தாள்? அந்தக் கொடியை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று, பிள்ளைகள் சமாச்சாரம் என்றும் பாராமல், மனசார வேண்டிக்கொண்டார்.

ஆபத்து என்று டீச்சர் சொன்னது ஸ்ரீவர்ஷினியை. பன்னிரண்டாம் வகுப்பு, ஒல்லியான பிள்ளை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. முதல் தடவை பலகையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். பவதாரிணி தன் கையிலிருந்த சிவப்புக் கொடியை ஆட்டினாள்; அது கணக்கில்லை. இரண்டாவது தாண்டல் சாவித்ரியின் இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. பசுபதிக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"கடைசி சான்ஸ்டி!" என்று மாடி வராந்தாவிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.

அவள் ஓடிவந்தாள். பலகையில் பாதம் பட்ட சத்தம் ஒரு கதவை அறைந்ததுபோல் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பசுபதியின் கண்மட்டத்தில் ஒரு உடம்பு போய்க்கொண்டிருந்தது. கைகள் மேலே, கால்கள் காற்றில் நடந்தபடி. இறங்க வேண்டிய நேரம் வந்தும் இறங்காமல் இன்னும் கொஞ்சம் போனது. இப்படித்தான் போயிருக்கிறாள், இப்படித்தான் அவளும் போயிருக்கிறாள் என்று அவர் வாய் முணுமுணுத்தது. மணல் தெறித்தது. பிள்ளை முன்பக்கமாக விழுந்து, எழுந்து, தள்ளாடி வெளியே போனாள்.

பசுபதி பதறிப்போய்க் குனிந்தார். மூட்டு வலி உள்ளவர், இடதுகையை மணலில் ஊன்றித்தான் குனிய முடிந்தது. குதிகாலின் தடம் கொடியைத் தாண்டி இருந்தது. மயிரிழைதான். ஆனால் தாண்டி இருந்தது.

பலகையில் கால் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த பவதாரிணி வெள்ளைக் கொடியை உயர்த்திவிட்டு ஓடிவந்தாள். வந்தவள் முகம் வாடியது. "ஐயோ, பின்னால கை ஊணிட்டியேம்மா! கைத்தடத்துல இருந்துதான் அளக்கணும்."

"இல்ல மிஸ், நான் ஊணல."

"தடம் இருக்குல்ல?"

"நான் ஊணல மிஸ்" என்ற பிள்ளைக்கு உதடு துடித்தது. மாடியில் சத்தம் அடங்கிவிட்டது. டேப்பின் மறுமுனையோடு பலகையருகே இருந்த சுந்தரவல்லியும் பார்க்கவில்லை. எல்லாரும் பசுபதியைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சிவப்புக் கொடி அப்படியே நிற்கும். சுவரில் அவள் பெயர் இருக்கும். அடுத்த தை வரைக்குமாவது இருக்கும்.

அந்தப் பிள்ளையின் முழங்காலில் ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்தார். பிறகு குனிந்து, தடத்தின்மேல் தன் இடதுகையை வைத்தார். விரலுக்கு விரல் பொருந்தியது.

"என் கை டீச்சர். குனியும்போது ஊணிட்டேன்."

ஜீரோ முனையைக் குதிகால் தடத்தின் விளிம்பில் வைத்து, நடுங்காமல் பிடித்துக்கொண்டார். சுந்தரவல்லி டேப்பை இழுத்துப் பலகையோரம் வைத்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

"அஞ்சு நாப்பத்துநாலு!"

மாடி இடிந்து விழுகிற மாதிரி சத்தம். ஸ்ரீவர்ஷினி அழுதுகொண்டே அவரிடம் வந்து, "சாரி சார்" என்றாள்.

"அதுக்கு எதுக்கும்மா சாரி?" என்றார். பிறகு, "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

சுந்தரவல்லி டேப்பைச் சுற்றிக்கொண்டே வந்தாள். "என்னண்ணே, பொண்டாட்டி ரெக்கார்டைக் காப்பாத்துவீங்கன்னு பாத்தா!"

"சாவித்ரி இருந்தா என்ன செஞ்சிருப்பா?"

"அவளா? கைய ஊணாம குனிஞ்சிருப்பா."

பசுபதி சிரித்துவிட்டார். ஆடிக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாளே பெயின்ட்டர் வந்து தண்ணீர்க் குழாய்க்கு மேலே வேறு பெயர் எழுதிவிட்டதாக டீச்சர் போனில் சொன்னாள். அடுத்த வருஷம் ஜீரோ பிடிக்க ஸ்ரீவர்ஷினிதான் வர வேண்டும். பசுபதி வேடிக்கை பார்க்க வரலாமா என்று கேட்டு வைத்திருக்கிறார்.

அந்த மணல்குழி மேற்கு நோக்கி இருக்கிறது. சாயங்காலம் தாண்ட வருகிற பிள்ளைகள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஓடிவருகிறார்கள். சாவித்ரியும் அப்படித்தான் ஓடிவந்திருப்பாள்.